"விற்கக் கூடாது" என்று எழுதினால் மட்டும் போதாது

"பெற்றோர் மகனுக்கு வீட்டைத் தானமாக எழுதிக்கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்தில் 'மகன் விற்கக் கூடாது' என்று எழுதிவிட்டால் போதும், மீறினால் வீடு பெற்றோருக்கே திரும்பிவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இது தவறு, நம்பி யாரும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 1882 சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 10-இன்படி, விற்பனையை முழுக்கத் தடுக்கும் நிபந்தனை செல்லாது. நிபந்தனைதான் போகும், தானம் அப்படியே நிற்கும். மகன் மறுநாளே விற்கலாம்.

சரி, பெற்றோருக்கு என்ன பாதுகாப்பு? ஆயுள்கால அனுபவ உரிமையைத் தங்களுக்கே வைத்துக்கொண்டு எழுதலாம். அப்புறம், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாகச் சேர்க்க வேண்டும். பெற்றோர் 60 வயதைக் கடந்தவர்கள் என்றால், மகன் அதை மீறும்போது 2007 மூத்த குடிமக்கள் சட்டம், பிரிவு 23-இன் கீழ் தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மனு கொடுக்காமல் எதுவும் தானாகத் திரும்பாது.