சாக்ஸபோனில் பாஹ்: என் வழக்கு வேறு

ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ், செல்லோ என்ற பெரிய வில் வாத்தியத்துக்கு எழுதிய ஆறு தொகுதிகளை யாராவது சாக்ஸபோனில் வாசித்துப் பதிவேற்றினால் போதும், உடனே பஞ்சாயத்து கூடிவிடுகிறது. பாஹ் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார் என்று ஒரு தரப்பு. என்ன ஒரு மனஅமைதி என்று கைகூப்பி உருகுகிற இன்னொரு தரப்பு. எனக்கு உண்மையில் கோபம் வருவது இந்த இரண்டாவது தரப்பின் மேல்தான்.

முதல் தரப்பை விரைவாக முடித்துவிடுகிறேன். பாஹ் இறந்தது 1750இல். சாக்ஸபோனை உருவாக்கிய அடால்ஃப் சாக்ஸ் பிறந்ததே 1814இல். காப்புரிமை வாங்கியது 1846இல். எனவே பாஹ் இந்த வாத்தியத்தைக் கண்டதில்லை, சரி. ஆனால் அவர் எந்த இசையையும் ஒரே வாத்தியத்தில் உட்காரவிட்டவரும் அல்ல. விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய கான்செர்ட்டோவை ஹார்ப்சிகார்டு என்ற பழைய விசைப்பலகை வாத்தியங்கள் நான்குக்கு மாற்றினார். தனி வயலினுக்குத் தாமே எழுதிய ஒரு பிரெலூடை, அதாவது தொகுதியின் முன்னோட்டப் பகுதியை, ஆர்கன் முன்னின்று வாசிக்க டிரம்பெட்களும் முரசும் முழங்கும்படி 1731இல் ஒரு தேவாலயப் படைப்பின் தொடக்கமாக வைத்தார். ஐந்தாம் செல்லோ தொகுதியை அவரே லூட் வாத்தியத்துக்கு மாற்றி எழுதிய கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், செல்லோவுக்கு எழுதிய மூலப் பிரதிதான் கிடைக்கவில்லை. மனைவி அன்னா மக்டலேனா எடுத்த படியையும் வேறு சில படிகளையும் வைத்துத்தான் உலகமே வாசிக்கிறது. எந்தச் சுரங்களை ஒரே வில்லிழுப்பில் சேர்ப்பது என்று காட்டும் வளைகோடுகள் அவற்றில் ஒன்றுக்கொன்று ஒத்துவருவதில்லை. அதனால் செல்லோ கலைஞர்களும் ஊகித்துத்தான் வாசிக்கிறார்கள். கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனில் கீர்த்தனைகளைக் கேட்டுப் பழகிய நமக்கு, இந்தத் தீட்டுப் பேச்சு கூடுதல் வேடிக்கையாகத் தெரிய வேண்டும்.

இனி என் வழக்கு. முதல் தொகுதியின் பிரெலூடை எடுத்துக்கொள்ளுங்கள். 42 பார்கள் (தாளச் சுற்றுகள்), கிட்டத்தட்ட முழுவதும் ஒரே சீரான ஓட்டம், ஓய்வுக்குறி என்பதே இல்லை. வில்லுக்கு மூச்சு வாங்காது, ஊதுபவருக்கு வாங்கும். இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள்: கன்னத்தில் தேக்கிய காற்றால் ஊதிக்கொண்டே மூக்கால் உள்ளிழுப்பது. கற்றுக்கொள்வது கடினம், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமையைக் காட்டுவதற்காகவே முதல் சுரத்திலிருந்து கடைசிச் சுரம்வரை இடைவெளியே இல்லாமல் ஊதும்போது, பிரெலூட் திறந்துவிட்ட குழாய்த் தண்ணீர்போல ஓடி முடிகிறது.

அந்த ஒற்றை வரிக்குள் பாஹ் இரண்டு மூன்று குரல்களை ஒளித்து வைத்திருக்கிறார். கீழே விழும் சுரம் ஆதாரக் குரல். மேலே அசைவது வேறொரு குரல். எது எந்தக் குரலைச் சேர்ந்தது என்பதை, வில் திசை மாறும்போது விழும் நூலிழை இடைவெளி கேட்பவருக்குப் பிரித்துக் காட்டுகிறது. காற்று வாத்தியத்தில் அந்த வேலையை மூச்சும் நாக்கும் செய்ய வேண்டும். கீழ்ச்சுரத்தை ஊன்றிவிட்டு மூச்சை வாங்கினால் அந்தச் சுரம் மனதில் நிற்கிறது, அடுத்தது அதன்மேல் ஏறுகிறது. இதற்கு முன்மாதிரியும் உண்டு. தனிப் புல்லாங்குழலுக்கு பாஹ் எழுதிய ஏ மைனர் பார்ட்டீட்டா என்ற தொகுதியின் முதல் பகுதியிலும் மூச்சு வாங்க இடம் விடப்படவில்லை. நல்ல புல்லாங்குழல் கலைஞர்கள் ஒரு சுரத்தின் ஓரத்தைக் கிள்ளி அங்கே மூச்சை வாங்குகிறார்கள். அந்தக் கிள்ளல் எங்கே என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடலாம்.

அடுத்தது கார்ட் பிரச்சினை. செல்லோவில் இரண்டு, மூன்று, நான்கு சுரங்கள்கூட அடுக்கி ஒலிக்கும் இடங்கள் உண்டு, அந்த அடுக்குதான் கார்ட். சாக்ஸபோனில் இயல்பாக வருவது ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். கீழிருந்து மேலாக உதிர்க்கத்தான் முடியும். யசுவாகி ஷிமிசு என்ற ஜப்பானியர் தொண்ணூறுகளில் டெனர் சாக்ஸபோனில் இவற்றைப் பதிவுசெய்தபோது, உட்சுனோமியா பகுதியிலுள்ள ஓயா கல் சுரங்கத்துக்குள்ளும் இறங்கிப்போய் வாசித்தார். அங்கே கீழ்ச்சுரம் பாறையில் மோதித் திரும்பி வருவதற்குள் மேற்சுரம் அதோடு சேர்ந்துவிடுகிறது. உதிர்த்த சுரங்கள் காற்றில் அடுக்காகின்றன. அந்த எதிரொலி இசையின் கணக்குக்குள் வருகிறது. இதைக் கேட்டுவிட்டு ஸ்டூடியோவில் ஒரு பொத்தானை அழுத்தி எதிரொலியை ஊற்றுகிறவர்களுக்குக் கல் சுரங்கம் எதற்கு என்றே புரியவில்லை. ஊற்றுவதும் கையோடு ஒரு நடுக்கத்தைச் சேர்ப்பதும்தான் மனஅமைதித் தரப்பின் மொத்த அழகியல்.

ஐந்தாம் தொகுதியின் சரபாண்ட் என்ற மெதுவான நடனப் பகுதியில் கார்டே கிடையாது. தொடக்கத்திலிருந்து கடைசிவரை தனி வரி, எதிரொலி உதவிகூடத் தேவையில்லை. தாழ்ந்த ஏ என்ற கூடுதல் சாவி உள்ள பாரிடோன் என்ற பெரிய சாக்ஸபோனில் அடிச்சுரமாக ஒலிப்பது, செல்லோவின் தடித்த கம்பி தரும் அதே சி. ஆக, எழுதிய உயரத்திலேயே வாசிக்கலாம். இருந்தும் நான் கேட்டவற்றில் பெரும்பாலோர் அதைவிடச் சிறிய ஆல்ட்டோ சாக்ஸபோனைத்தான் தூக்குகிறார்கள், இனிமையாக இருக்குமாம். பாரிடோனின் அடிச்சுரங்கள் வாய்திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். துள்ளலான ஜீக் நடனங்களில் அது தொல்லை. இந்த சரபாண்டுக்கோ அந்தத் தயக்கம் அப்படியே பொருந்துகிறது.

ஆறாம் தொகுதியை இதில் இழுக்காதீர்கள். அது ஐந்து கம்பி வாத்தியத்துக்கு எழுதப்பட்டது. நான்கு கம்பி செல்லோவில் வாசிக்கிறவர்களே அதன் உச்சியில் திணறுகிறார்கள். அதற்குத் தனியாக ஒரு சண்டை போடலாம்.