சோழமண்டலத்தில் பத்திக் பொழுதுபோக்கு அல்ல
சென்னை சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிய கட்டுரையில், அங்கே கைவினைப் பொருட்கள் பொழுதுபோக்காகச் செய்யப்பட்டவை என்று வருவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் அந்தக் கிராமம் உருவானதே கைவினைப் பொருள் விற்ற பணத்தில்தான், முக்கியமாக பத்திக், அதாவது மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கி எடுக்கும் துணி. கிராமத்தை முன்னின்று உருவாக்கியவரும் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்தவருமான கே.சி.எஸ். பணிக்கர் மாணவர்களிடம் சொன்னது இதைத்தான்: ஓவியம் விற்கும்வரை கைத்தொழிலில் சோறு சாப்பிடு, வாங்குபவனுக்காகப் படத்தை மாற்றாதே. அப்புறம், பணிக்கர் பிறந்தது 1911-ல் எங்கள் கோயம்புத்தூரில், கட்டுரையாளர் அதையும் விட்டுவிட்டார். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், ஓவியனுக்குச் சாயத்தொட்டியில் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். எங்கள் அய்யன் சென்னிமலையில் தறி ஓட்டியவர், நான் ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையில் 6 வருஷம் இருந்தேன், பத்திக்கும் போட்டிருக்கிறேன். உருக்கிய மெழுகைத் துணியில் இழுக்கும்போது கை ஒரு நொடி நின்றாலும் கோடு பரவிவிடும், அழிக்க முடியாது. சூடான சாயத்தில் மெழுகு கரைந்துவிடும் என்பதால் ஆறிய சாயத்தில்தான் முக்க வேண்டும், வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும், அதனால் கடைசி நிறத்தை முதலிலேயே மனதில் பார்த்தாக வேண்டும். இது ஓவியனின் வேலை இல்லையென்றால் வேறு எது? போன வருஷம் சோழமண்டலத்துக்குப் போய்ப் பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தேன், எழுத்து மாதிரியான அந்தச் சின்னச் சின்னக் கோடுகளுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன்.