17,016 வகுத்தல் 800

சிட்னி – லண்டன்: தூரம் 17,016 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 21 மணி 16 நிமிடம். இரண்டு ஊர்களைக் கொடுத்தால் பறக்கும் நேரம் சொல்கிற ஒரு இணையதளத்தில், கொட்டை எழுத்தில், பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். நானும் நம்பினேன். அந்த 16 நிமிடம்தான் என்னைக் கவிழ்த்தது. சும்மா அடித்துவிடுகிறவன் நிமிடம் வரைக்குமா சொல்வான்?

சிட்னியிலிருந்து அக்கா லண்டனுக்கு, என்னிடம் வருகிறாள். "நாளைக்கு சாயங்காலம் 4 மணிக்கு இங்கே ஃபிளைட்டுடா, கூப்பிட வந்துடு" என்றாள். எப்போது இறங்குவாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். கேட்கவில்லை. கையில்தான் ஃபோன் இருக்கிறதே! 4 மணியோடு 21.16ஐக் கூட்டினேன், மறுநாள் மதியம் 1.16. ஆற அமரக் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு சரியாக ஒரு மணிக்குப் போய் நின்றால், பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள் மகராசி. காலை ஆறரைக்கே இறங்கியாயிற்று. ஃபோனில் சார்ஜ் இல்லை. ஆறரை மணி நேரம்! அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெம்பில்லை.

நேர வித்தியாசம் 9 மணி என்று அதே பக்கத்தில், நாலு விளம்பரம் தாண்டி, எறும்பு சைஸில் இருக்கிறது. அப்புறம்தான் பார்த்தேன். சரி, என் தப்பு. ஆனால் அதைக் கழித்திருந்தால் மட்டும்? அதிகாலை 4.16க்கு வரப்போகிறாள் என்று போய் நின்று கொட்டாவி விட்டிருப்பேன். ஏனென்றால் அந்தத் தடத்தில் நிற்காமல் பறக்கிற வழக்கமான சேவையே இப்போதைக்குக் கிடையாது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இறங்கித்தான் வர வேண்டும், 23, 24 மணி நேரம். 2019ல் சோதனைக்காக லண்டனிலிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 50 பேரோடு ஒரே மூச்சில் பறந்தார்கள், அது 19 மணி 19 நிமிடம். அப்போ இந்த 21.16 யார் போன பயணம் ஐயா?

கால்குலேட்டரை எடுத்தேன். 17,016 வகுத்தல் 800, அதாவது தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தது. அவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்புக் கணக்கு. ஊர்களை இடம் மாற்றிப் போட்டாலும் அதே விடை. காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாதா இவர்களுக்கு? நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதுகில் தள்ளிவிடுகிற அதே காற்று, திரும்பும்போது முகத்தில் அறைந்து ஒரு மணி நேரத்தை விழுங்குகிறது. 2020 பிப்ரவரியில் ஒரு விமானம் அந்தத் தள்ளலில் 5 மணி நேரத்துக்குள்ளேயே லண்டன் வந்துவிட்டது. ஹெல்சிங்கி – டோக்கியோ போட்டுப் பாருங்கள். 2022ல் ரஷ்ய வான்வெளி மூடியதிலிருந்து அங்கிருந்து கிளம்புகிறவர்கள் 13 மணி நேரம் போல சுற்றிப் போகிறார்கள், இந்த இணையதளத்தில் இன்னும் பத்துக்குள் முடிந்துவிடுகிறது. கோட்டை இழு, வகு, விளம்பரத்தைப் போடு. முடிந்தது வேலை.

காரில் அரை மணி நேரம் அக்கா வாயைத் திறக்கவில்லை. அப்புறம் "திரும்பிப் போறப்போ நீ எதையும் பார்த்துச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய.

பெட்டியை இறக்கும்போது பார்த்தால் ஒரு சக்கரத்தைக் காணோம். புதுப் பெட்டி! நாலு வேண்டும் என்று யார் அழுதார்கள், இரண்டு வைத்தாலும் உருப்படியாக வைத்துத் தொலையுங்களேன்.