இரண்டு நாள் பொறுத்துத் திறந்திருக்கலாம்

சர்வர் பழுதாகி நின்றுபோன நம் குழுமத் தளத்தை அன்றிரவே மீண்டும் திறந்துவிட்டோம் என்று பலரும் பாராட்டினீர்கள். அந்த வேகம்தான் பழுதைவிடப் பெரிய சேதத்தை உண்டாக்கியது என்பதைப் பராமரிப்புக் குழுவில் ஒருவனாக ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நம் சர்வரில் இரண்டு வன்தட்டுகள் ரெய்டு 1 முறையில், அதாவது ஒன்றில் எழுதப்படுவது உடனுக்குடன் மற்றொன்றிலும் எழுதப்படும்படி, அமைக்கப்பட்டிருந்தன. ஒன்று செத்தாலும் மற்றது தளத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் பயன். இரண்டாவது தட்டும் பழுதாகித் தளம் நின்றபோது, முதல் தட்டு செத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. அதைத் தெரிவிக்கும் எச்சரிக்கை மின்னஞ்சல்கள், குழுவிலிருந்து எப்போதோ விலகிவிட்ட ஒருவருடைய முகவரிக்குத் தவறாமல் போய்க்கொண்டிருந்தன.

இப்படி ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்லர். 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தவறான சர்வரில் கட்டளையை இட்டு, ஏறத்தாழ 300 ஜிபி தரவை அழித்துவிட்டார். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த காப்புநகலைத் தேடிப் போனால், நகலெடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் யாரையும் சென்றடையாமல் நிராகரிக்கப்பட்டிருந்தன. சுமார் 6 மணி நேரத்துக்கு முன்பு சோதனைப் பணிக்காக எடுத்த ஒரு நகல்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. எதை இழந்தோம், ஏன் இழந்தோம் என்பதை மறைக்காமல் எழுதியதோடு, மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவும் காட்டினார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

நம் கதைக்கு வருகிறேன். அன்றிரவு கையில் கிடைத்தது, ஒரு தன்னார்வலரின் மடிக்கணினியில் இருந்த 12 நாள் பழைய நகல். அதைப் புதிய சர்வரில் ஏற்றி, முகப்புப் பக்கம் தெரிந்த மகிழ்ச்சியில் எல்லோரையும் உள்ளே விட்டோம். மறுநாள் மாலை, பழுதான இரண்டாவது தட்டை வேறொரு கணினியில் பொருத்திப் பொறுமையாகப் படித்துப் பார்த்தபோது, பழுதான நாள்வரையிலான தரவுத்தளம் பெரும்பாலும் உயிரோடு இருந்தது. மகிழ வேண்டிய அந்த நொடியில்தான் வயிற்றைக் கலக்கியது.

காரணம் எளியது. ஒவ்வொரு பதிவுக்கும், ஒவ்வொரு உறுப்பினருக்கும் வரிசை எண்ணைத் தரவுத்தளமே வழங்குகிறது. பழைய நகல் 12 நாளுக்கு முந்தைய எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கியதால், தளம் திறந்தபின் நீங்கள் எழுதியவற்றுக்குக் கிடைத்த எண்கள், மீட்கப்பட்ட தட்டில் வேறு யாரோ எழுதியவற்றுக்கு ஏற்கனவே வழங்கப்பட்டிருந்தன. ஒரே எண்ணில் இரண்டு பதிவுகள், ஒரே எண்ணில் இரண்டு மனிதர்கள். ஒன்றை மற்றொன்றின் மேல் ஏற்றினால் ஒருவருடைய பதில் இன்னொருவருடைய கேள்விக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். புதிய எண் கொடுத்து, அந்த எண்ணைச் சுட்டும் ஒவ்வொரு இடத்தையும் தேடித் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு மணி நேர ஆர்வம் மூன்று வார வேலையாக வளர்ந்தது இப்படித்தான்.

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த 12 நாட்களுக்குள் ஒருவர் தம் தொலைபேசி எண்ணை நீக்கச் சொல்லி, நாங்களும் நீக்கியிருந்தோம். பழைய நகலுக்கு அந்த நீக்கம் தெரியாது; எண் மீண்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. இழந்ததைப் பற்றியே கவலைப்பட்ட எங்களில் ஒருவருக்கும், போக வேண்டியது திரும்பி வந்துவிடுமே என்று தோன்றவில்லை.

எழுத்துச் சிதைவு தனித் தலைவலி. எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் குறியாக்க முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டுகளை, அதாவது மூன்று சேமிப்பு அலகுகளை, எடுத்துக்கொள்கிறது. ஏற்றும்போது குறியாக்கத்தைத் தவறாகச் சொல்லிவிட்டால், ஒவ்வொன்றும் மூன்று விசித்திர ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும். அது பார்க்கத்தான் அச்சம். பைட்டுகள் அப்படியே இருப்பதால் திருப்பிவிடலாம். கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டுவிட்டால் அந்த வரி போயே போயிற்று. சில பக்கங்களையாவது நிதானமாகப் படித்துப் பார்த்திருந்தால், கேள்விக்குறிகளாகிப் போன தலைப்புகளை முதல் இரவே கண்டிருப்போம்.

நம்முடையது வங்கி அன்று. இரண்டு நாள் மூடிக் கிடந்தால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. ஆகவே என் கருத்து இது: தளம் விழுந்தவுடன் ஓர் அறிவிப்புப் பக்கத்தை வைத்துவிட்டு, பழுதான தட்டை முழுமையாக நகலெடுத்து, அதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியும்வரை யாரையும் எழுத அனுமதிக்கக் கூடாது. பொறுக்க முடியாதென்றால் படிப்பதற்கு மட்டும் திறக்கலாம். அப்போதும், நீக்கப்பட்டவை மீண்டும் முளைக்கவில்லை என்று பார்த்தபிறகே. எச்சரிக்கை மின்னஞ்சல்கள் இப்போது மூன்று பேருக்குப் போகின்றன. மாதத்துக்கு ஒருமுறை காப்புநகலை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்க்கவும் தொடங்கியிருக்கிறோம்.

எந்தக் கேள்விக்கு உரியவை என்று தெரியாத 40 பதில்கள் இன்னும் தனியே கிடக்கின்றன. நீங்கள் எழுதிய ஏதாவது காணாமல் போயிருந்தால், அல்லது பொருந்தாத இடத்தில் நின்றிருந்தால், எனக்கு உள்பெட்டியில் தெரிவியுங்கள்.