ஸ்ட்ரெப்டோமைசிஸ் பூஞ்சை அல்ல

"ஸ்ட்ரெப்டோமைசிஸ் இழையாக வளர்ந்து வித்து விடுவதால் அது பூஞ்சைதான்" என்று பரவும் தகவல் தவறு. அது பாக்டீரியா. உட்கரு கிடையாது, செல்சுவர் பாக்டீரியாவுக்குரிய பெப்டிடோகிளைக்கானால் ஆனது, பூஞ்சைக்குரிய கைட்டினால் அல்ல. இழையின் தடிமன் சுமார் 0.5–1 மைக்ரோமீட்டர், பூஞ்சை இழை பெரும்பாலும் 2–10.

குழப்பத்துக்குக் காரணம் வளர்ச்சி முறை. இந்த உயிரின் அழகும் அதில்தான். டிவ்ஐவிஏ புரதம் நுனியில் திரண்டு இழையை நீட்டுகிறது. பின்னர் காற்றில் எழும் இழைகளில் செல்லைப் பிரிக்கும் எஃப்டிஎஸ்இசட் புரத வளையங்கள் ஏணிப்படிபோல் அமைந்து, ஒவ்வோர் அறையும் வித்தாகிறது. பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் அகவித்துகள் (செல்லுக்குள் உருவாகும் வித்துகள்) கொதிநீரைத் தாங்கும், இவை தாங்கா.

சோதிக்க, 28 டிகிரி செல்சியஸில் 5–7 நாள் வளர்த்து ஊசியால் கிளறுங்கள்: காலனி கெட்டியாக அகாரோடு (வளர்ப்புக் கூழோடு) ஒட்டியிருக்கும். சைக்ளோஹெக்சிமைடு என்ற பூஞ்சை தடுப்பு மருந்து கலந்த தட்டில் பெரும்பாலான பூஞ்சைகள் அடங்கும், இது வளரும். 2 நாளிலேயே பார்த்தால், காற்றில் எழும் இழைகளால் காலனிமேல் தோன்றும் வெண்தூள் இராது. வேறு பாக்டீரியா என்று ஒதுக்கிவிட நேரும்.