அளவுத் துணி

டெய்லர் அக்கா: அளவு ஸ்கர்ட் சரி, துணி எங்கேம்மா?

சுமதி: அதுதான்க்கா துணி.

அக்கா: இது அளவும்மா. நான் கேட்கிறது தைக்க வேண்டிய துணி.

சுமதி: தைக்க வேண்டியதே இதுதான். பெரியவ ஒன்பதாவது போறா, இனிமே யூனிஃபார்ம் சுடிதார். இதை இடுப்புல கொஞ்சம் பிடிச்சு, கீழே மடிச்சு விட்டா சின்னவளுக்கு ஆயிடும். ரொம்பப் பிடிக்க வேண்டாம், வளர்ற பிள்ளை.

அக்கா (வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்): மடிப்பை நான் ஏற்கெனவே ரெண்டு தடவை இறக்கியாச்சு. இங்கே பாரு, மேலே வெளுத்த நீலம், அதுக்குக் கீழே அரைகுறையா வெளுத்த நீலம், கடைசியில கடையில எடுத்தப்ப இருந்த நீலம். பட்டிக்கு உள்ளே பெரியவ பேரு மார்க்கர்ல எழுதியிருக்கு.

சுமதி: உள்ளேதானே இருக்கு, யாரு பார்க்கப் போறா?

அக்கா: போட்டுக்கிறவ பார்ப்பா.

(ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த எனக்கு, சுமதியின் கட்டைப்பைக்குள் மடிப்புக் கலையாத கட்டம் போட்ட துணி இருப்பது நன்றாகவே தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்துவிட்டது.)

அக்கா: அட, பையில புதுசு வச்சிக்கிட்டா என்னை இந்தப் பாடு படுத்துறே? எடு, எடு. சின்னவளுக்கு நல்லாத்தான் இருக்கும்.

சுமதி: ஐயோ, அது தம்பிக்கு! அவனுக்கு மூணு செட். லாரன்ஸ் ரோட்டுல கடை கடையா ஏறி இறங்கி எடுத்தோம். ஷூ மட்டும் இங்கே பிடிக்கலைன்னுட்டான், ஞாயித்துக்கிழமை பாண்டி போய் நேரு வீதியில வாங்கிட்டு வந்தாரு அவங்க அப்பா.

அக்கா: அவனுக்கு எதுக்கு மூணும் புதுசு?

சுமதி: என்னக்கா இப்படிக் கேட்கிறீங்க, வளர்ற பிள்ளை!

அக்கா: சின்னவளும் வளர்ற பிள்ளைன்னு இப்பத்தானே சொன்னே?

சுமதி: அது லூசா தைக்கிறதுக்குச் சொன்னது.

அக்கா: ஓ. அவ வளர்ந்தா தொளதொளன்னு பழசு, அவன் வளர்ந்தா புதுசு. நல்லா இருக்கும்மா உங்க வளர்ப்பு.

சுமதி: பொண்ணு போட்டதைப் பொண்ணு போட்டுக்கலாம். பையன் எப்படிக்கா போடுவான்? ஸ்கர்ட்டையா கட்டிவிட முடியும்?

அக்கா: ஸ்கர்ட்டை விடு. ஜியோமெட்ரி பாக்ஸ்?

சுமதி: சின்னவகிட்ட இருக்கிறது பெரியவளோடது. காம்பஸ்ல திருகு மட்டும் இல்லை, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்திருக்கேன், அழகா வட்டம் போடுறா. தம்பிக்குப் புதுசு, அவன் பழசைத் தொட மாட்டான்.

அக்கா: காம்பஸ்ல ஆம்பளை பொம்பளை இருக்கா என்ன?

(சுமதி சிரித்தார். பதில் இல்லாதபோது சிரிப்பது ஒரு கலை, அது எல்லோருக்கும் வராது.)

அக்கா: நான் மகளிர் தையல் சங்கத்துல அரசாங்க யூனிஃபார்ம் தைக்கிறவ. சத்துணவு சாப்பிடுற பிள்ளைகளுக்கு, எட்டாவது வரைக்கும், தலைக்கு நாலு செட். அக்கா போட்டது வீட்டுல கிடக்குமேன்னு எந்த ஆபீசரும் தங்கச்சி கணக்குல கழிச்சு நான் பார்க்கலை. ப்ளஸ் ஒன்ல சைக்கிள் கொடுக்கிறாங்களே, அதுவும் அப்படித்தான். உன் வீட்டுலதான் தனிச் சட்டம்.

சுமதி: சைக்கிள் பேச்சை எடுக்காதீங்கக்கா. பெரியவ சைக்கிள் சும்மாதான் நிக்குது, தம்பியை எடுத்துக்கச் சொன்னா லேடீஸ் சைக்கிளாம், மாட்டேங்கிறான்.

அக்கா: நடுவுல கம்பி இல்லாத சைக்கிள்ல ஏறினா நழுவிக் கீழே விழுந்துடுவானா? சரி, அப்புறம் என்ன பண்ணே?

சுமதி: சின்னவளுக்குக் கொடுத்துட்டேன்.

அக்கா: அதானே பார்த்தேன்! தம்பிக்கு?

சுமதி: ...புதுசு.

அக்கா: வளர்ற பிள்ளை.

சுமதி: நீங்க கிண்டல் பண்றீங்க.

அக்கா: கிண்டல் இல்லைம்மா. 89ல கலைஞர் பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் சரிபங்குன்னு சட்டம் கொண்டு வந்தாரு. அந்த மார்ச்சுக்கு முன்னாடியே கட்டிக்கொடுத்த பொண்ணுக்குக் கிடையாதுன்னு அதுலயே ஒரு வரி இருந்துச்சு. எனக்குக் கல்யாணம் 88. வீடு முழுக்க என் தம்பிக்கு, எனக்கு எங்க அம்மாவோட தையல் மெஷின். அதுவும் பழசு. நீ என்கிட்ட வந்து வளர்ற பிள்ளைன்னா எனக்கு எப்படி இருக்கும்?

சுமதி: அதுக்கும் ஸ்கர்ட்டுக்கும் என்னக்கா சம்பந்தம்?

அக்கா: ஒண்ணுமில்லை. ஸ்கர்ட்டுக்கு முந்நூறு ரூபா.

சுமதி: முந்நூறா! புதுசு தைக்கவே இருநூத்தம்பதுதானே வாங்குறீங்க?

அக்கா: பழசைப் பிரிக்கணும், மடிப்புக் கோட்டை மறைக்கணும், பேரை அழிக்கணும். வேலை ஜாஸ்தி.

சுமதி: இது அநியாயம்.

அக்கா: ஆமா. சரி, தம்பி என்ன உயரம் இப்போ?

சுமதி (பூரித்துப்போய்): சின்னவளைத் தாண்டிட்டான்க்கா! ஆறாவதுதான் போறான், பெரியவ தோளுக்கு வந்துட்டான்.

அக்கா: ரொம்ப சந்தோஷம். பொண்ணுக்கும் பையனுக்கும் சட்டைத் துணி ஒரே கட்டம்தானே? பெரியவளோட சட்டை ரெண்டு பையில இருக்கு பாரு, அது தம்பிக்குச் சரியா இருக்கும். பட்டன் பக்கத்தை மட்டும் மாத்திடறேன், அதுக்குக் காசு வேண்டாம். இந்தப் புதுத் துணியில சின்னவளுக்கு ரெண்டு சட்டை, அவனுக்கு ஒண்ணு. ஸ்கர்ட்டுக்கு மட்டும் துணி எடுத்துட்டு வா.

சுமதி: அவன் அக்கா சட்டையைப் போடவே மாட்டான். அழுது ஊரைக் கூட்டிடுவான்.

அக்கா: பழசு போடுறது ஒரு குத்தமா? என் பேரன் போடுறதெல்லாம் அவன் அக்காவோட டீ ஷர்ட்தான், தேவனாம்பட்டினம் பீச்சுல அதைப் போட்டுக்கிட்டுத்தான் புரள்றான். மூணு பேருக்கும் பழசுன்னு கொண்டு வா, ஓசியில தைச்சுத் தரேன். ஒருத்திக்கு மட்டும்னா முந்நூறு. சின்னவ அழ மாட்டாளா?

சுமதி: அவ தங்கம்க்கா. எதைக் கொடுத்தாலும் வாயைத் திறக்காம போட்டுப்பா.

அக்கா: அந்தத் தைரியத்துலதான் நீ பாண்டிக்கு ஷூ வாங்கப் போறே.

(அக்கா அளவு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெரியவள் பேர் இருந்தது. தம்பி பேர் இருந்தது, வருஷத்துக்கு ஒரு அளவாக.)

அக்கா: சின்னவ பேரு என்னம்மா?

சுமதி: யாழினி. என்னக்கா, இத்தனை வருஷமா தைக்கிறீங்க, பேரு தெரியாதா?

அக்கா: தைச்சதில்லையே, பிடிச்சுத்தானே கொடுத்திருக்கேன். நாளைக்கு அவளையே கூட்டிட்டு வா, அளவெடுக்கணும்.

சுமதி: நாளைக்கு முடியாதுக்கா, தம்பிக்கு கராத்தே இருக்கு. கராத்தே டிரஸ் கூடப் புதுசா எடுக்கணும். அதை நீங்க தைப்பீங்களா?