கொசுவம் பிடிச்சு விட ஆளில்லாத வீடு

போன வாரம் நைட் டூட்டி முடிஞ்சு வந்து தூக்கம் வராம ஒரு படம் போட்டேன், ஹவ் டு பி சிங்கிள், 2016ல வந்த இங்கிலீஷ் படம். நியூயார்க்ல நடக்கற ரொமான்டிக் காமெடி. சிரிச்சுக்கிட்டே பாத்துட்டு இருந்தவளுக்கு ஒரு சீன்ல சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. டகோட்டா ஜான்சன் நடிச்ச ஆலிஸ்ங்கற பொண்ணு, காலேஜ்ல இருந்து கூடவே இருந்த பையன்ட்ட கொஞ்ச நாள் பிரிஞ்சு இருப்போம், ஒத்தைல இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியணும்னு சொல்லிட்டு வந்தவ, முதுகுப் பக்கம் இருக்க ஜிப்பைத் தன்னால கழட்ட முடியாம கிடந்து திண்டாடுவா. கை எட்டாது. கழட்டி விட வீட்ல ஆளும் கிடையாது.

எனக்கு போன தை மாசம் ஞாபகம் வந்துட்டு. கூட வேலை பாக்கற பிள்ளைக்கு கல்யாணம், அம்மாவோட அரக்கு பட்டை எடுத்துக் கட்டுனேன். பட்டுச்சேலை கட்டுறவங்களுக்குத் தெரியும், மேல கொசுவத்த மடிச்சு சொருகிட்டாலும் கீழ ஒரு ஆளு உக்காந்து ஒவ்வொரு மடிப்பா நீவி இழுத்து விடணும், இல்லைன்னா விசிறி மாதிரி பரத்திக்கிட்டு நிக்கும். நான் குனிஞ்சு கீழ பிடிச்சா மேல அவுருது, நிமிந்தா கீழ கலையுது, மூணு தடவ அவுத்துக் கட்டிட்டேன், மணி ஆறே கால், முகூர்த்தம் ஏழரைக்கு. கடைசில சேலையை ஒரு கைல அள்ளிப் பிடிச்சுக்கிட்டு படியிறங்கி கீழ வீட்டு ஆச்சி கதவத் தட்டுனேன். எழுபத்தி நாலு வயசு அவங்களுக்கு, மூட்டு வலி வேற. "இத எதுக்குட்டி ஒத்தைல கட்டிக்கிட்டு கிடந்த"ன்னு சொல்லிக்கிட்டே சுவத்தப் பிடிச்சு மெல்ல தரைல உக்காந்து, ஒவ்வொரு மடிப்பா நீவி, கடைசில முந்தானையை தோள்ல சரி பண்ணி ஒரு தட்டு தட்டி விட்டாவ.

அந்தத் தட்டுல எனக்கு கண்ணு கலங்கிட்டு. ஏன்னா ஒரு மனுஷக் கை என் மேல பட்டு எத்தன நாள் ஆச்சுன்னு எனக்கே கணக்கு தெரியல. நான் லேப்ல வேலை பாக்கேன். தினம் நாப்பது அம்பது பேரு கையத் தொடுதேன், நரம்பு பாத்து ஊசி குத்தி ரத்தம் எடுத்து பஞ்சை வச்சு "கைய மடக்கிக்கோங்க"ன்னு சொல்லுதேன், பயந்த பிள்ளைங்க கையத் தடவி விடுதேன். என் கையத் தொட யாரும் இல்ல. இதை நான் யார்ட்டயும் சொன்னதே இல்ல, சொன்னா உடனே "அப்ப ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கோ"ம்பாங்க.

அந்தக் கல்யாண வீட்லயும் அதான். பந்தில உக்காந்து இலைல தண்ணி தெளிக்கதுக்குள்ள நாலு பேரு கேட்டாச்சு, இன்னுமா பாக்காங்க, எங்கயும் அமையலையான்னு. முப்பத்தெட்டு வயசு ஆச்சு எனக்கு. நீ எப்படி இருக்க, சாப்பிடுதியா, ராத்திரி காய்ச்சல் வந்தா யாரு பாப்பான்னு ஒருத்தர் கேட்டிருந்தா நான் உக்காந்து பேசியிருப்பேன். இங்க திருநெல்வேலில வீடு தேடினப்பவும் இந்தக் கதைதான், பாளையங்கோட்டைல மூணு இடத்துல "ஃபேமிலிக்குத்தான் விடுவோம்"னு சொல்லிட்டாங்க. நாலாவதாதான் வண்ணார்பேட்டைல இந்த மாடி வீடு கிடைச்சுது.

ஆம்பளப் பையங்க "மொரட்டு சிங்கிள்"னு பனியன்ல பிரிண்ட் போட்டுக்கிட்டு திரியுதாங்க, மீம்ஸ் போடுதாங்க, எல்லாரும் ரசிக்காங்க. அதே வார்த்தைய ஒரு பொண்ணு போட்டுக்கிட்டு டவுண் ரதவீதில நடந்து போகட்டும் பாப்போம். நம்ம படங்கள்லயும் ஒத்தைல இருக்க பொண்ணு கதாநாயகியா வந்தா கிளைமாக்ஸ்ல பெரும்பாலும் யாராவது ஒருத்தன் கையப் பிடிச்சிருவான், இல்லைன்னா அவ ஹீரோவோட அக்காவாவோ அத்தையாவோ ஓரமா நின்னு அழுவா. அந்த விதத்துல இந்தப் படத்த நான் மதிக்கேன். கடைசில ஆலிஸ் யார் கூடயும் சேர மாட்டா. கிராண்ட் கேன்யனுக்கு ஒத்தைல ஏறிப் போயி புது வருஷத்து சூரியன் உதிக்கிறதப் பாப்பா. ரொமான்டிக் காமெடின்னு பேர் வச்சுட்டு அப்படி முடிக்கதுக்கு ஒரு துணிச்சல் வேணும். அவ அக்கா மெக் பாத்திரமும் எனக்குப் பிடிச்சுது, பிரசவ டாக்டர், பிள்ளையே வேண்டாம்னு இருந்தவ, ஒருநாள் ஒரு கைக்குழந்தையோட தனியா மாட்டிக்கிட்டு மனசு மாறி டோனர் மூலமா பிள்ளை பெத்துக்கிடுவா. யார்ட்டயும் உத்தரவு கேக்க மாட்டா. மத்தபடி பார், குடி, கூத்துன்னு பாதிப் படம் போயிருது, அத விட்டுத்தள்ளலாம்.

ஆனா ஒரு விஷயத்துல எனக்கு அந்தப் படத்தோட ஒத்து வரல. தனியா இருக்கப் பழகிட்டா எல்லாம் சரியாயிரும்ங்கற மாதிரி முடிச்சிருக்காங்க. ஆலிஸ் மலையேறி சூரியனப் பாத்துட்டு மறுநாள் வீட்டுக்குத்தான வரணும், அந்த ஜிப் அங்கதான இருக்கு? எனக்கு ஒத்தைல போக வரத் தெரியும். பாபநாசம் போயி அகஸ்தியர் அருவில குளிச்சுட்டு வந்திருக்கேன், ஹோட்டல்ல "எத்தன பேரு"ன்னு கேட்டா "ஒரு ஆளுதான்"னு சத்தமாவே சொல்லுவேன். தனியா வாழுறது எனக்குக் கஷ்டமே இல்ல, அது நான் எடுத்த முடிவு. ஆளில்லாம இருக்கதுதான் கஷ்டம். அது வேற இது வேற. நம்ம ஊரு முதல் விஷயத்தப் பாத்துதான் பதறுது, ரெண்டாவதப் பத்தி ஒரு கேள்வி கிடையாது.

கல்யாணம் பண்ணா ஆளில்லாமப் போகாதுன்னு சொல்றவங்களுக்கு எங்க ஆச்சியத்தான் காட்டணும். முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்துனவங்க, மூணு பிள்ளைங்க, மூணு பேரும் வெளியூரு வெளிநாடு. 2023 டிசம்பர் வெள்ளம் வந்துச்சுல்லா, 17, 18 தேதி, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே முங்கிக் கிடந்துச்சே, அன்னைக்குத்தான் நான் அவங்ககூட முதல்ல ஒழுங்கா பேசினேன். அதுவரைக்கும் வாடகை குடுக்கும்போது ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான். தண்ணி வாசப்படி ஏறுதுன்னு தெரிஞ்சதும் இறங்கிப் போயி, அவங்க மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி, ஒரு மாத்துச்சேலை எல்லாத்தையும் சாக்குப்பைல போட்டுக்கிட்டு கையப் பிடிச்சு மாடிக்குக் கூட்டிட்டு வந்தேன். கரண்ட் இல்ல, டவர் இல்ல. ரெண்டு ராத்திரி மெழுகுவத்தி வச்சுக்கிட்டு நானும் அவங்களும். அந்த இருட்டுல எனக்கு தண்ணியப் பத்திக்கூட பெருசா பயமில்ல, இந்நேரம் நம்மளத் தேடி யாரு போன் அடிச்சுக்கிட்டு இருப்பான்னு ஒரு எண்ணம் வந்துச்சு பாருங்க, அதுதான் பயம்.

டவர் வந்ததும் அவங்க போன் விடாம அடிச்சுது, மூணு பிள்ளைங்களும் மாறி மாறி. என் போனுக்கு அண்ணன் ஒரு தடவ, அப்புறம் டூட்டிக்கு வர முடியுமான்னு லேப்ல இருந்து ஒண்ணு. நான் அவங்களப் பாத்து, உங்களுக்காவது மூணு பேரு இருக்காங்களேன்னேன். "கேக்கதுக்கு மூணு பேரு இருக்காவட்டி, எட்டிப் பாக்கதுக்கு நீதான இருக்க"ன்னு சொல்லிட்டு திரும்பிப் படுத்துக்கிட்டாவ.

உலக சுகாதார நிறுவனம் 2025ல ஒரு அறிக்கை விட்டாங்க, உலகத்துல ஆறுல ஒருத்தரு தனிமைல வாடுதாங்கன்னு, அதனால வருஷத்துக்கு 8,71,000 பேரு சாவுதாங்கன்னு. லேப்ல வேலை பாக்கறவளுக்கு சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் நம்பர்ல தெரியும். இது எந்த டியூப்ல தெரியும்? இங்கிலாந்துல 2018லயே இதுக்குன்னு ஒரு அமைச்சரப் போட்டுட்டாங்க. இங்க இன்னும் ஜாதகத்தத்தான் தூக்கிட்டு வாராங்க.

படம் பாத்த மறுநாள் ஞாயித்துக்கிழமை. எனக்கு சொதி வைக்கணும்னு தோணுச்சு. திருநெல்வேலிக்காரங்களுக்கு சொல்ல வேண்டாம், அது மறுவீட்டுச் சாப்பாடு, கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மாப்பிள்ளைக்கு போடறது, ஒத்த ஆளுக்குன்னு யாரும் வைக்க மாட்டாங்க. ரெண்டு தேங்கா துருவி முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால்னு தனித்தனியா எடுத்து, மூணாம் பால்ல காயை வேகப் போட்டு, முதல் பால் ஊத்துனதும் கொதிக்க விடாம நுரை கட்டும்போதே இறக்கிரணும், கண்ண எடுத்தா திரிஞ்சிரும். இறக்கி வச்சு ஆறுனப்பறம் எலுமிச்சம்பழம் பிழிஞ்சுட்டு ஆச்சியக் கூப்பிட்டேன். படியேறி வந்து சட்டியத் திறந்து பாத்துட்டு, "என்னட்டி, யாருக்குக் கல்யாணம்"னாவ. யாருக்கும் இல்ல ஆச்சி, நமக்குத்தான்னேன். இஞ்சித் துவையல் இல்லாம சொதி சாப்பிட்டா வயித்துக்கு ஆகாதுன்னு திரும்ப இறங்கிப் போயி அரைச்சு எடுத்துட்டு வந்தாவ, அந்த மூட்டு வலியோட.

வைகாசில இன்னொரு கல்யாணம் இருக்கு. அன்னைக்கும் பட்டுதான் கட்டணும். அஞ்சு மணிக்கே வந்து கதவத் தட்டு, ஆறே கால் வரைக்கும் கிடந்து மல்லுக்கட்டாதன்னு இப்பவே சொல்லி வச்சிருக்காவ.